கிழட்டு டிரைவில் செல்லையாவின் சிடி

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இப்போது கணினிப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்திருக்கிற உங்களில் பலர் ஒரு சிடி டிரைவைக் கழற்றிக்கூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். இப்போது விற்கிற மடிக்கணினிகளில் அது கிடையாது. ஆனாலும் அவ்வப்போது யாராவது ஒருவர் பழைய சிடியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைப் படியேறத்தான் செய்கிறார் என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் சொன்னார். கல்யாணம், ஸ்கேன், செத்துப்போனவரின் பேச்சு, ஏதோ ஒன்று. "மூலையில கெடந்த டிரைவை எடுத்து மாட்டினா கம்ப்யூட்டருக்கு அது இருக்கறதே தெரியமாட்டேங்குதுங்க சார், என்ன பண்றது?" என்று கேட்டார். அதற்கான வழிமுறை இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வழிமுறையில் எழுதப்படாத ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதற்கு நல்ல முடிவு இல்லை. அதை முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

எனக்கு நாள் குறிக்கிற பழக்கம் உண்டு. உறைபனி எந்த வாரம் விழுந்தது, மேட்டுப்பாளையம் சாலை எந்த மழையில் அடைபட்டது என்றெல்லாம் எழுதிவைப்பேன். மலையைப் பற்றிக் கிடைக்கிற புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அவற்றில் எந்தத் துரை எப்போது குதிரையில் வந்து இறங்கினார் என்பது நாள் தவறாமல் இருக்கும். அந்தத் துரையின் பெட்டியைச் சுமந்து வந்தவனுக்கு ஒரு வரி இருக்காது. அந்தக் கோபத்தில் தொடங்கிய பழக்கம் இது. என் குறிப்பின்படி நான் சொல்லப்போவது தீபாவளி முடிந்த வாரத்து வியாழக்கிழமை நடந்தது. ஊட்டிக்காரர்களுக்கு ஆடி மழை பெரிது. குன்னூருக்கும், கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற அரவேணுவுக்கும் ஐப்பசிதான். அன்றைக்கும் காலையிலிருந்து விடவில்லை.

நான் வேலை பார்த்த கடை கோத்தகிரி மார்க்கெட் பக்கம், ஒரு மாடியில் இருந்தது. முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்து கடை போட்டவர். கணினியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாய் மட்டும் ஓயாது. மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் படியேறி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சேலைக்குள் அணைத்துப் பிடித்திருந்த ஒரு பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்கம்மா, முறுக்கு விக்க வந்தீங்களாக்கும்? மழைக்கு நல்லாத்தான் இருக்கும், எடுங்க" என்றார் முதலாளி.

"முறுக்கில்ல சார். என் தம்பி."

டப்பாவைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிடி. முதலாளி எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

அவர் பெயர் பாக்கியம். அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில். இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டவர்.

"எங்கப்பாவுக்கும் எனக்கும் இந்தியாப் பாஸ்போட்டு வந்துச்சு சார். தம்பி அங்கயே பொண்ணு கட்டியிருந்தான். அவனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை. ஒரே லயத்துல ஒரே கூரைக்குக் கீழ பொறந்தோம், ஆளுக்கொரு நாட்டுக்காரவுகளா ஆயிட்டோம். கப்பல் ஏறுறப்ப தலைமன்னார் வரைக்கும் வந்து நின்னான். அதுதான் நான் அவனைக் கடைசியாப் பாத்தது."

"அப்புறம் வரவே இல்லீங்களா?"

"எங்க வர்றது? அவனுக்கு வரத் தோது இல்ல, எனக்குப் போகத் தோது இல்ல. நாலஞ்சு வருசத்துக்கு முந்தி சபரிமலைக்கு வந்தவுககிட்ட இதைக் குடுத்துவிட்டான். இதுல உக்காந்து என்கிட்டப் பேசுறான் சார். வந்த அன்னிக்குப் பக்கத்து வீட்டுல பிளேயர்ல போட்டாங்க. லயமே வந்து உக்காந்துருச்சு. நான் அழுதேன் பாருங்க, ஒரே அழுகை. ஒண்ணும் பாக்கல. நம்ம கையிலதான இருக்கு, ஆறுதலா இன்னொரு நாளு பாத்துக்குவோமுன்னு எடுத்து வச்சேன்."

அந்தப் பிளேயர் கெட்டுப்போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்னொரு நாள் வரவே இல்லை. தம்பி செல்லையா இறந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இங்கே கருமாதி குறித்திருந்தார்கள்.

"என் மகன் போனுக்கு போட்டோ அனுப்புனாங்க. சவப்பொட்டியில படுத்திருக்கான். மூக்குல பஞ்சு. பேரப்புள்ளைக அதத்தான் பாத்திருக்கு. அதுகளுக்கு அந்தத் தாத்தான்னா பொட்டிதான். எனக்கும் கண்ண மூடுனா அந்த மொகந்தான் சார் வருது. சின்ன வயசு மொகத்த நெனச்சுப் பாக்குறேன், அதையும் இது அழிச்சுப்புடுது. பேசுற மொகத்த ஒருக்கா பாத்துட்டா போதும். ஒருக்கா."

நம் தொழிலில் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "இதுக்கு இன்னொரு காப்பி அங்க இருக்குதுங்களாம்மா?"

"கேட்டாச்சு சார். படம் புடிச்ச பையன் துபாய்க்குப் போயிட்டானாம். அழிச்சிட்டேன்னு சொல்லிட்டான்."

சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை வாசனை அடித்தது. தட்டு மாதிரி லேசாக வளைந்திருந்தது. மேல் பக்கம் முழுக்க ஒரு வட்டக் காகிதம் ஒட்டி, 'அன்பு அக்காவுக்கு' என்று மையால் எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதம் ஓரங்களில் எழும்பியிருந்தது.

"எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"அடுப்புக்கு மேல பலகையிலதான். வேற எங்க வக்கிறது? உப்பு, தீப்பெட்டி, ரேஷன் கார்டு, மகன் சர்டிபிகேட்டு எல்லாம் அங்கதான் இருக்கு. வேற எடத்துல வச்சா பூத்துப்போயிருமே."

மலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது புரியும். லயத்து வீட்டில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான். அங்கே எது வைத்தாலும் பிழைக்கும், சிடியைத் தவிர. காகிதம் மழையில் ஊறும், அடுப்புச் சூட்டில் சுருங்கும். ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அடியில் இருக்கிற வெள்ளிப்பூச்சைப் பிடித்து இழுக்கும். படம் இருப்பது அந்தப் பூச்சில்தான். வீட்டிலேயே மிகப் பத்திரமான இடம் என்று அவர் தேர்ந்தெடுத்த இடம் அந்தச் சிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அதைத் தெரிந்துகொண்டு அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

கடையில் இருந்த புது டிரைவில் ஒரே ஒரு தடவை போட்டேன். வேகமாகச் சுற்றிப் பார்த்தது, முனகியது, நின்றது. சிடியைச் செருகவும் என்று திரையில் வந்தது. உடனே வெளியே எடுத்துவிட்டேன்.

"இன்னொருக்கா போட்டுப் பாருங்க. மொதத் தடவ எழுப்புனா நானே எந்திரிக்கமாட்டேன்" என்றார் முதலாளி.

"வேண்டாங்க. சுத்தச் சுத்தக் காயிதம் பிரிஞ்சுக்கும்."

எங்கள் பின்னறையில் பில் போடுவதற்காக வைத்திருந்த பழைய கணினி ஒன்று இருந்தது. அதிலிருந்த டிரைவுக்குக் கடையில் கிழட்டு டிரைவ் என்று பெயர். மெதுவாகச் சுற்றும். புது டிரைவுகள் துப்பிவிடுகிற கீறலும் வளைவும் உள்ள சிடிகளை அது பொறுமையாக வாசிக்கும். பல கல்யாணங்களை அது காப்பாற்றியிருக்கிறது. பாக்கியம்மாவை அங்கே அழைத்துப்போய் உட்காரவைத்துக் கணினியைப் போட்டேன். மை கம்ப்யூட்டரைத் திறந்தால் டிரைவைக் காணவில்லை. ஹார்டு டிஸ்க் இருக்கிறது, சிடி டிரைவைக் குறிக்கிற D, E மாதிரி எழுத்தே இல்லை.

"இந்த டிரைவு எங்க மாமனாராட்டமுங்க" என்றார் முதலாளி. "ஊட்டுக்குள்ளதான் இருப்பாரு. செலவுன்னு கூப்பிட்டாக் கண்ணுலயே படமாட்டாரு."

பாக்கியம்மா சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"பார்மட் போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார் முதலாளி. எங்கள் கடையில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் நூற்றில் பாதி சரியாகிவிடும், ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று மழை. கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. பாதியில் போனால் இந்தக் கணினியும் கையில் இருக்காது. மாலைக்குமேல் அரவேணுப் பக்கம் மண் சரிந்தால் பஸ்ஸும் இருக்காது. அதனால் வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். கணினிக்கு டிரைவ் தெரியவில்லை என்றால் எங்கே வரைக்கும் தெரிகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்று பார்க்கவேண்டும். தட்டைத் திறந்து மூடினேன், விளக்கு எரிந்தது. மின்சாரம் போகிறது. கணினி எழும்பும்போது வருகிற கறுப்புத் திரையில் டிரைவின் பெயர் வந்தது. அப்படியானால் வயரும் பேசுகிறது. விண்டோஸுக்குள் நுழைந்த பிறகுதான் காணாமல்போகிறது. கருவிகளைப் பட்டியலிடுகிற டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பழுதைக் காட்டும் மஞ்சள் குறி இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் யாரோ சிடி எழுதுகிற மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றிப் பிறகு நீக்கியிருந்தார்கள். மென்பொருள் போய்விட்டது, டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே அது நிறுத்திவைத்த காவல்காரன் மட்டும் போகவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கிற ரிஜிஸ்ட்ரியில் அவனுக்காக இருந்த இரண்டு வரிகளைப் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு நீக்கினேன். மறுபடி எழுப்பினேன். டிரைவின் எழுத்து வந்து நின்றது.

"வந்துட்டாருங்கம்மா!" என்று கத்தினார் முதலாளி.

பாக்கியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிச் சரிசெய்துகொண்டார். வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது எப்படிச் செய்வோமோ அப்படி.

அந்தச் சேலைத் தலைப்பை நான் மறக்கவில்லை. உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: டிரைவ் தெரிந்தவுடன் யாரிடமும் 'வந்துவிட்டது' என்று சொல்லாதீர்கள். நமக்கு அது பெரிய விஷயம். அரை நாள் மண்டையை உடைத்திருப்போம். அவருக்கு டிரைவ் என்பதே என்னவென்று தெரியாது. வந்துவிட்டது என்றால் யார் வந்தது என்றுதான் அவருக்குக் கேட்கும். இன்னொன்றும் சொல்வேன். கணினிக்கு டிரைவ் தெரியாமலிருந்த அந்த நேரம்தான் அன்றைக்கு எங்களுக்கு இருந்த நல்ல நேரம். பழுது எங்கள் பக்கம் இருந்தது. பழுது நம் பக்கம் இருக்கிறவரை நாம் ஏதாவது செய்துகொண்டிருக்கலாம்.

"உக்காருங்கம்மா, இன்னும் சிடியைப் போடலை" என்றேன். அவர் உட்காரவில்லை.

அவருடைய சிடியைப் போடாமல், முதலாளியின் முருகன் பாட்டு சிடியைத்தான் முதலில் போட்டேன். பாட்டு வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் நின்றது. பார்த்தால் டிரைவின் எழுத்து மறுபடி மறைந்துவிட்டது.

"அட, இதென்ன கெரகம்!" என்றார் முதலாளி.

இது வேறு பழுது. பெட்டியைத் திறந்தேன். வயர் செருகுகிற இடத்தில் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. மலைக் காற்றின் வேலை. ரப்பரால் தேய்த்துத் துடைத்து, வேறு வயர் போட்டு மூடினேன். எழுத்து வந்தது. முருகன் பாட்டு கடைசிவரை ஓடியது. ஆனால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று என்னால் சொல்லமுடியவில்லை. முதலாளி பாட்டு முடிகிறவரை கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். எந்த வேண்டுதலோடு நின்றார் என்று கேட்கவில்லை.

பிறகு செல்லையாவின் சிடியைப் போட்டேன். கிழட்டு டிரைவ் அதை வெகுநேரம் மெதுவாகச் சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் சிடியின் பெயர் வந்தது. திறந்தால் ஒரே ஒரு வீடியோ கோப்பு.

இனிமேல் நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு வழி. உடனே ஓடவிட்டுப் பார்த்துவிடலாம். அல்லது முதலில் அதைக் கணினிக்குள் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் தொழிலில் இதற்குத் தயக்கமே கிடையாது. சாகிற நிலையில் இருக்கிற சிடியை ஓடவிட்டுப் பார்க்கக்கூடாது, காப்பி எடுக்கவேண்டும். எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள், நானும் பிறருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பார்ப்பதற்காக ஒரு தடவை சுற்றவிட்டுவிட்டால் காப்பி எடுக்க இன்னொரு சுற்று கிடைக்காமல் போகலாம்.

அவரிடமே கேட்டேன். "அம்மா, இப்பவே போட்டுப் பாக்கலாம். பாக்கறப்பவே கெட்டுப்போனாலும் போயிரும், அப்புறம் வீட்டுல காட்ட முடியாது. இல்லீன்னா மொதல்ல காப்பி எடுத்துக்கறேன். அது நல்லபடியா வந்துட்டா ஞாயித்துக்கெழமை எல்லாரும் பாக்கலாம். எது பண்ணட்டுங்க?"

"எனக்கு என்ன சார் தெரியும்? மொகத்த ஒருக்கா பாத்தாப் போதும். நீங்க எது நல்லதுன்னு சொல்றீகளோ அது."

"பாத்துக்கட்டும் உடுங்க" என்றார் முதலாளி. குரலில் விளையாட்டு இல்லை. "கண்ணு முன்னால வச்சுட்டுக் காப்பி என்ன காப்பி? மொகத்தக் காட்டிப்போடுங்க, அப்புறம் உங்க தொழிலப் பாருங்க."

"போயிருச்சுன்னா?"

"போனாப் போகட்டும். அவங்க கேட்டது அவ்வளவுதானுங்களே."

காப்பி எடுப்பது என்று முடிவு செய்தேன். படித்த வரைக்கும் இழக்காமல் எடுத்துவைக்கிற மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. வேகத்தை அது அனுமதிக்கிற மட்டும் குறைத்தேன். அப்படியும் அது படம் ஓடுகிற வேகத்தைவிட அதிகம்தான். தொடங்கினேன்.

திரையில் ஒரு நீலப்பட்டை நீள ஆரம்பித்தது. பாக்கியம்மா அதைப் பார்த்துக்கொண்டே, "இதுதான் சார் அவனா?" என்று கேட்டார். இல்லை, உள்ளே வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவர் பட்டையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் இவர்தான் அவனை இடுப்பில் வைத்திருப்பாராம். அட்டை கடித்தால் கத்தமாட்டானாம், காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்பானாம். முதலாளி டீ வாங்கி வரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார்.

பட்டை ஒரு இடத்தில் நின்றது. பழைய சிடிகளில் நிற்கும், பிறகு நகரும். காத்திருந்தேன். டிரைவ் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தது. பிறகு உள்ளே தாள் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்து என்று அழுத்தினேன். அதற்குள் திரையிலிருந்து டிரைவின் எழுத்தே மறைந்துவிட்டது.

பேப்பர் கிளிப்பை நீட்டித் தட்டின் ஓட்டைக்குள் விட்டு வெளியே இழுத்தேன். 'அன்பு அக்காவுக்கு' காகிதம் ஒரு பக்கம் கிளம்பி நின்றது. தட்டு முழுக்க வெள்ளிச் செதில்கள். சிடியைத் தூக்கினால் பாதிக்குமேல் வெறும் கண்ணாடி. அதன் வழியாக எதிரே முதலாளியின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

டிரைவை எழுப்பப் பெரிய சிரமம் இல்லை. துடைத்து, மறுபடி கணினியைப் போட்டால் முதல் தடவையிலேயே அதன் எழுத்து வந்தது. அதன் பிறகு அந்த டிரைவ் ஒரு தடவைகூட மறைந்ததில்லை. நான் கடையை விட்டு நிற்கிறவரை அது வேலை செய்தது. ஒவ்வொரு தடவை மை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதும் தன் இடத்தில் சரியாக நிற்கும்.

எடுத்தவரை எவ்வளவு வந்தது என்று பார்த்தேன். கோப்பின் தொடக்கம் வந்திருந்தது. பெரும்பகுதி வரவில்லை.

இதைப் பற்றிப் பல வருடங்களாக யோசிக்கிறேன். ஓடவிட்டுப் பார்த்திருந்தால் மெதுவாகச் சுற்றியிருக்கும், காகிதம் தாக்குப்பிடித்திருக்கலாம். அல்லது அதே இடத்தில் பிரிந்திருக்கலாம். படத்தின் நடுவுக்கு நேராகத் தாண்டிப்போயிருந்தால் ஒரு நொடி முகம் கிடைத்திருக்கலாம். அதுவும் கிடைக்காமல் போயிருக்கலாம். சொல்லமுடியாது. பழுதுபார்க்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கிற புத்தி உண்டு, இங்கே அது எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. நான் செய்தது தவறு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். நாளைக்கே உங்கள் மேசைக்கு அப்படி ஒரு சிடி வந்து, என்ன செய்யட்டும் என்று என்னிடம் போனில் கேட்டால் காப்பி எடு என்றுதான் சொல்வேன். சரியானதைச் செய்தால் மனது ஆறும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எழுதியவருக்கு ஆறியிருக்கலாம். அந்த அம்மாள் ஒருக்கா என்று கேட்டார், நான் எல்லாவற்றையும் எடுத்துத்தரப் போனேன். ஒருவர் எவ்வளவு கேட்கிறார் என்பதைக் காதில் வாங்குங்கள். இதைத்தவிர இதிலிருந்து உங்களுக்குக் கொடுக்க என்னிடம் பாடம் ஏதும் இல்லை.

கதைக்கு வருகிறேன்.

"அம்மா, சிடி போயிருச்சுங்க" என்றேன். "ஆரம்பம் கொஞ்சம் கெடச்சிருக்குது. மீதி வரலைங்க. இனி வராது."

"சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாமுங்கம்மா" என்று முதலாளி தொடங்கினார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

பாக்கியம்மா அழவில்லை. "கெடச்சதப் போடுங்க" என்றார்.

போட்டேன். ஒரு சுவர். சாமிப் படங்கள் மாட்டிய நீலச் சுவர். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யாரோ ஒரு பெண் வந்து நாற்காலியின்மேல் துண்டு விரித்துவிட்டுப் போகிறாள். ஒரு குழந்தை ஓடிவந்து அதில் ஏறி உட்காருகிறது. "எறங்கு, எறங்கு, தாத்தா ஒக்காரணும்" என்று ஒரு குரல். குழந்தையை யாரோ தூக்கிப்போகிறார்கள். மறுபடி காலி நாற்காலி. கேமரா பிடித்திருப்பவன், "ஓடுது மாமா, வாங்க" என்கிறான். "எங்கடா ஆளு?" என்று இன்னொருவர். "சட்டை மாத்துறாரு" என்று பெண் குரல். எல்லோரும் சிரிக்கிறார்கள். "மாப்பிள்ளைக்கு இன்னிக்குத்தான் கல்யாணம்!"

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு ஆண்குரல், கரகரத்த குரல். "இருங்கடா, வாரேன். அக்கா எங்க போயிறப்போகுது? இருக்கும்."

பாக்கியம்மாவின் கை திரையைத் தொட்டது. "இருக்கேன்டா" என்றார்.

அதோடு படம் நின்றது. நாற்காலியும் துண்டும் அப்படியே உறைந்து நின்றன. கீழேயிருந்து வந்த டீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பாக்கியம்மா அந்த நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இதுக்கப்புறந்தான் சார் வந்து உக்காருவானா?"

"ஆமாங்கம்மா" என்றேன். "இதுக்கப்புறந்தான்."